மாரிக்கு ஒரு பானை கூழ்

ஐப்பசியில் மழை இறங்கினதும் கொடிகாமத்தில் யாராவது தொடக்கிவிடுவார்கள்: "மச்சான், கூழ் காய்ச்சுவமே?" நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்பார்கள். ஒடியல் கூழை ஒருவருக்கென்று காய்ச்ச ஏலாது. நண்டு, இறால், மீன்தலை, மரவள்ளி, பயற்றங்காய் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டாலே பானை பத்துப் பேருக்கு வந்துவிடும். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்புக் கூழ் வேறு; இது உறைப்பும் புளிப்புமான மாரிக் கூழ்.

எங்கள் கூட்டில் கச்சாய்ப் பக்கத்து நண்பன் நண்டும் இறாலும் கொண்டு வருவான். பலாக்கொட்டை என் பொறுப்பு; பலாப்பழக் காலத்திலேயே மணலுக்குள் புதைத்து வைத்துவிடுவேன். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்து இறங்குபவன் பசியை மட்டும் கொண்டு வருவான். அவனுக்குத்தான் அம்மியில் செத்தல் மிளகாய் அரைக்கிற வேலை.

கடலுணவுதான் கூழுக்கு ருசி என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூழ் என்றால் மா. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தி போட்டு, தை, மாசியில் கிழங்கு கிண்டுவோம். அதை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாகவே பிளந்து காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்த மாவில் ஒரு கைப்பு உண்டு. நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்யாமல் அவசரப்பட்டால் எத்தனை நண்டு போட்டும் பயனில்லை.

பத்துப் பேருக்கு அரைக் கிலோ மா காணும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய். அவை அவிந்து வரும்போது நண்டு, மீன்தலை. இறால் கடைசியில், இல்லாவிட்டால் இறுகிவிடும். பிறகு அரைத்த மிளகாய், மஞ்சள், உப்பு, பழப்புளிக் கரைசல். ஊறிய மாவை ஊற்றினால் அகப்பையை விடக்கூடாது. கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும், கட்டியும் படும். மா வெந்து தடித்து, மடமடவென்று குடிக்கக்கூடிய பதத்தில் இறக்க வேண்டும். ஆற ஆற இன்னும் இறுகும்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் மழைக்குள்ளால் எங்கள் தென்மராட்சிக்கு வந்தது. எங்கள் வளவிலும் குடும்பங்கள் தங்கின. மீன் இல்லாத நாளில் மாவும் மரவள்ளியும் ஒரு துண்டுக் கருவாடும் இருந்தால் அம்மா கூழ் வைத்துவிடுவா. "ஆள் கூடினால் தண்ணியைக் கூட்டு பிள்ளை" என்பா. சோற்றை அப்படி நீட்ட முடியாது.

இவ்வளவு எங்களுடையது என்று சொல்லும் கூழில் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அதற்கு முன் எங்கள் உறைப்பு மிளகுதான். அதே மிளகாயை இறைச்சியோடு வேகவைத்து டெக்சாஸ்காரர் 'சில்லி' என்கிறார்கள். 1977இல் அதைத் தங்கள் மாநில உணவாகவே அறிவித்தார்கள். அதில் அவரை விதை போடலாமா என்று அங்கே இன்னும் வாக்குவாதமாம்.

எங்கள் வாக்குவாதம் முருங்கையிலையில். பக்கத்து வீட்டு அண்ணை அது இல்லாமல் குடிக்கவே மாட்டார். எனக்கு அது நண்டின் வாசத்தை அமுக்கிவிடும். ஆகவே அவருக்கென்று ஒரு சட்டியில் வேறாக எடுத்து இலை போடுகிறோம். மற்றவர்களுக்குப் பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, பக்கத்தில் கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. கொடிகாமத்தில் தேங்காய்க்கு என்ன குறை?