அமெரிக்காவில் ஜூரிப் பணி: அரசியல் கருத்து தேர்வைத் தடுக்குமா? ஒரு விளக்கம்

அமெரிக்க முன்னாள் அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப் மீதான வழக்கில், 2024 ஏப்ரல் 15-ஆம் தேதி நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் ஜூரிகளைத் தேர்வு செய்யும் பணி தொடங்கியது. முதல் நாளில் வரவழைக்கப்பட்ட 96 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்களால் நடுநிலையுடன் செயல்பட இயலாது என்று கூறி விடுவிக்கப்பட்டனர். ஒருவரது அரசியல் நிலைப்பாடு ஜூரிப் பணிக்குத் தடையாகுமா என்ற கேள்வியை இந்நிகழ்வு மீண்டும் எழுப்பியது.

ஜூரி என்பது வழக்கின் சாட்சியங்களைக் கேட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு. இந்தியாவில் நானாவதி வழக்கின்போது பெரிதும் பேசப்பட்ட இம்முறை, 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துடன் குற்ற வழக்குகளில் முற்றிலுமாக முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் பாரபட்சமற்ற ஜூரியைக் கோருவது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசமைப்பின் 6-ஆவது திருத்தம் வழங்கும் உரிமையாகும்.

அழைப்பாணையில் கட்சி உண்டா?

தேர்வின் முதல் கட்டத்தில் அரசியல் கருத்துக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்படுகின்றன. கூட்டாட்சி நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, 18 வயது நிரம்பிய குடிமக்களாகவும், அந்நீதிமன்ற எல்லைக்குள் ஓராண்டு வசித்தவர்களாகவும், ஆங்கிலம் அறிந்தவர்களாகவும் இருத்தல் வேண்டும். எந்தக் கட்சியின் ஆதரவாளர் என்பது தகுதியும் அன்று, தகுதியின்மையும் அன்று.

சமூகத்தின் எந்தவொரு பொருளாதார, மத, இன, அரசியல் பிரிவையும் திட்டமிட்டு ஒதுக்காமல் ஜூரிகள் தெரிவு செய்யப்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது.

நீதிபதி எதைப் பார்க்கிறார்?

அழைப்பாணை பெற்று வருவோரிடம் நீதிமன்றத்தில் கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஒருவர் நடுநிலையுடன் இருக்க இயலாது என நீதிபதி கருதினால், காரணம் காட்டி அவரை நீக்கலாம். இவ்வாறு நீக்கப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

ஆனால், கருத்து வைத்திருப்பது வேறு. அக்கருத்தை ஒதுக்கி வைக்க இயலாமல் இருப்பது வேறு. வழக்கைப் பற்றி எதுவும் அறியாதவராக ஜூரி இருக்கத் தேவையில்லை என்றும், முன்கருத்தை விலக்கிச் சாட்சியத்தின் அடிப்படையில் முடிவெடுக்க இயன்றால் போதும் என்றும் உச்ச நீதிமன்றம் 1961-இல் கூறியது.

டிரம்ப் வழக்கை விசாரித்த நீதிபதி யுவான் மெர்ச்சன் இதே அணுகுமுறையைப் பின்பற்றினார். அவர் அளித்த 42 கேள்விகள் கொண்ட பட்டியலில், யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வி இடம்பெறவில்லை. மாறாக, எந்த ஊடகங்களைப் பின்தொடர்கிறீர்கள், டிரம்பின் பேரணியில் பங்கேற்றதுண்டா, நியாயமாகச் செயல்படுவதைப் பாதிக்கும் அளவுக்கு அவரைப் பற்றி உறுதியான கருத்து உள்ளதா என்பன போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன.

டிரம்பைச் சிறையில் அடைக்க வேண்டும் என்ற பொருளில் முன்னர் சமூக ஊடகத்தில் பதிவிட்ட ஒருவரை நீதிபதி நீக்கினார். அதேவேளையில், டிரம்ப் பொதுவெளியில் தம்மை வெளிப்படுத்தும் விதம் பிடிக்காது என்று வெளிப்படையாகக் கூறிய மற்றொருவரை நீக்க மறுத்தார். அவர் ஜூரியில் இடம்பெற்றார். நடுநிலையுடன் இருப்பேன் என்ற அவரது உறுதிமொழியை நீதிபதி ஏற்றுக்கொண்டதே இதற்குக் காரணம்.

காரணம் கூறாமல் நீக்கும் உரிமை

அரசியல் கருத்து உண்மையில் விளைவை ஏற்படுத்துவது அடுத்த கட்டத்தில்தான். குறிப்பிட்ட எண்ணிக்கையிலானோரைக் காரணம் எதுவும் கூறாமலேயே நீக்கும் உரிமை இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் உண்டு. டிரம்ப் வழக்கில், பிரதான ஜூரிகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு தரப்புக்கும் இத்தகைய 10 வாய்ப்புகள் வழங்கப்பட்டன.

இந்த உரிமையை இன அடிப்படையில் பயன்படுத்தக் கூடாது என 1986-ஆம் ஆண்டு பேட்சன் வழக்கிலும், பாலின அடிப்படையில் பயன்படுத்தக் கூடாது என 1994-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிச் சார்பை அந்தத் தடைப் பட்டியலில் அது இதுவரை சேர்க்கவில்லை. எனவே, சமூக ஊடகப் பதிவையோ, கட்சி உறுப்பினர் பதிவையோ பார்த்து வழக்கறிஞர் ஒருவரை நீக்கினால், பாதிக்கப்பட்டவர் முறையிடுவதற்குப் பெரும்பாலும் வழியில்லை.

இதில் மற்றொரு சிக்கலும் உள்ளது. அமெரிக்காவில் கட்சி ஆதரவும் இனமும் பல இடங்களில் பின்னிப் பிணைந்திருப்பதால், அரசியலைக் காரணமாகக் காட்டி, தடை செய்யப்பட்ட இனப் பாகுபாடு நுழையக்கூடும் என்ற அச்சம் நிலவுகிறது. காரணமின்றி நீக்கும் உரிமையை அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் முற்றிலுமாக நீக்கியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனைக் கைவிட்டன.

ஊரே ஒரு கட்சி சார்ந்ததாக இருந்தால்?

2021 ஜனவரி 6-ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட வழக்குகளில், தலைநகர் வாஷிங்டன் மக்கள் பெருமளவில் ஜனநாயகக் கட்சியினருக்கு வாக்களிப்பவர்கள் என்பதால் விசாரணையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் எனக் குற்றம் சாட்டப்பட்டோர் பலர் கோரினர். நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. ஓர் ஊரின் வாக்களிப்பு முறையைக் கொண்டு அங்குள்ள ஒவ்வொருவரையும் ஒருதலைப்பட்சமானவர் எனக் கொள்ள முடியாது என்பதும், தனித்தனியாக விசாரித்தே அறிய வேண்டும் என்பதும் இதன் அடிப்படை.

மறைத்தால் என்ன ஆகும்?

ஜூரிக்கான கேள்விகளுக்கு உண்மையான பதில் அளிப்பது சட்டக் கடமை. முக்கியமான கேள்விக்குப் பொய்யான பதில் அளித்தது பின்னர் தெரியவந்தால், தீர்ப்பே ரத்தாகி மறுவிசாரணை நடைபெறும் நிலை ஏற்படலாம். டிரம்பின் நண்பர் ரோஜர் ஸ்டோன் 2019-இல் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட பின்னர், ஜூரித் தலைவரின் டிரம்ப் எதிர்ப்புப் பதிவுகளைச் சுட்டிக்காட்டி மறுவிசாரணை கோரினார். டிரம்பைப் பற்றிய கருத்து என்பது ஸ்டோன் மீதான பாரபட்சம் ஆகாது என்று கூறி, நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சன் 2020-இல் அக்கோரிக்கையை நிராகரித்தார்.

மொத்தத்தில், அரசியல் கருத்து உள்ளவர் என்பதற்காக மட்டும் ஒருவரை அமெரிக்கச் சட்டம் ஜூரிப் பணியிலிருந்து விலக்குவதில்லை. எனினும், வழக்கறிஞரின் மௌனமான மறுப்பால் அவர் வீட்டுக்கு அனுப்பப்படலாம். டிரம்ப் வழக்கில் மாறுபட்ட ஊடகங்களைப் பின்தொடர்ந்த 12 பேர், 2024 மே 30-ஆம் தேதி 34 குற்றச்சாட்டுகளிலும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கருத்தே இல்லாத குடிமக்களைத் தேடுவதைவிட, கருத்தை நீதிமன்ற வாசலில் விட்டுவரக் கூடியவர்களைத் தேடுவதே அந்த முறையின் நோக்கமாக உள்ளது.