திருகினால் மாறும் ஷாக்

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஓடும்போது காருக்கு ஷாக் அப்சார்பர் இருப்பதே நினைவுக்கு வராது. அதே கார் பின்சீட்டில் குடும்பத்தையும் டிக்கியில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி வால்பாறை ஏறும்போது அதற்கு வேறு ஷாக் தேவைப்படுகிறது. கம்பெனி தருவதோ இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுதான்.

பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது திருப்பித் தந்துவிடும். தடுக்க ஆளில்லாவிட்டால் வண்டி ஊஞ்சல்போல ஆடும். தடுப்பது ஷாக். உள்ளே எண்ணெயில் நகரும் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிப் போய்விடுகிறது. அட்ஜஸ்டபிள் ஷாக்கில் குமிழைத் திருகினால் எண்ணெய் போகும் வழி குறுகும் அல்லது விரியும். ஒரே குமிழ் உள்ளவற்றில் பெரும்பாலும் மாறுவது ரீபவுண்டு, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் நீளும்போது எழும் தடை.

எடை கூடினால் தடையும் கூட வேண்டும். ஆள் நிறைந்த நாளில் பின்பக்கத்தைச் சற்று இறுக்கலாம். ஷாக் தேயத் தேய இழந்த தடையையும் ஓரளவு மீட்கலாம். இறுக்கினால் வளைவில் வண்டி சட்டென்று சாயாமல் நிதானமாகச் சாயும். மொத்தம் எவ்வளவு சாயும் என்பதை முடிவுசெய்வது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பாரும்தான்.

முழுக்க இறுக்கினால் பிடிப்பு கூடும் என்று பலர் நம்புவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ரீபவுண்டு மிக இறுகினால் சக்கரம் பள்ளத்துக்குள் வேகமாக இறங்க முடியாது. தரையைத் தொடாத டயரால் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீரிங்கும் கேட்காது. ரேஸ் கார்களிலேயே கரடான தடத்துக்கு இளக்கித்தான் வைப்பார்கள். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவர்தனின் ஊருக்கு இது புதிய பாடமல்ல. செட்டிபாளையம் ரேஸ் டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்தத் திருகலைத் தானே செய்யும் ஷாக்குகளும் உண்டு. 2002-இல் கேடிலாக் காரில் வந்த வகையில் எண்ணெயில் இரும்புத்துகள் கலந்திருக்கும். மின்காந்தம் அதை நொடியின் சிறு பங்கில் கெட்டியாக்கிவிடும். விலைதான் அதிகம்.

கையால் திருகும் வகை வாங்கினால் மிக இளகிய நிலையில் தொடங்குங்கள். வேகத்தடை தாண்டியதும் வண்டி மறுமுறை எழும்பாமல் அமரும்வரை ஒவ்வொரு க்ளிக்காக ஏற்றுங்கள், இடதும் வலதும் ஒரே அளவில். அதற்கு முன் சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்களையும் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்; அவை சரியில்லாவிட்டால் எந்தக் குமிழும் உதவாது.