டப்பா பால் ஏன் கெடுவதில்லை?

கண்டென்ஸ்டு மில்க்கில் ஏதோ மருந்து கலக்கிறார்கள், அதனால்தான் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் காவல் காப்பது சர்க்கரைதான். எடையில் சுமார் 45 சதவீதம் அதுவே. சுண்டிய பாலில் மிஞ்சும் தண்ணீரையும் அது பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக வழியில்லை.

வீட்டில் செய்ய, 1 லிட்டர் கொழுப்புள்ள பாலுக்கு 200 கிராம் சர்க்கரை. அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிளறி, 450 கிராம் அளவுக்குச் சுண்டவிடுங்க. காலிப் பாத்திரத்தை முதலிலேயே எடைபோட்டு வச்சுக்கிட்டா கணக்கு சுலபம். ஆறினால் இன்னும் கெட்டிப்படும்.

இனிப்பு ஜாஸ்தின்னு சர்க்கரையைப் பாதியாக்கலாமா? தாராளமா. பாயசத்துக்கு அருமையா இருக்கும். ஆனால் அது பாசுந்தி மாதிரிதான், காவல் போய்விட்டது. டப்பா பால் என்று நம்பி வெளியே வைக்காமல், ஃப்ரிட்ஜில் வைத்து ரெண்டு மூணு நாளில் தீர்த்துடுங்க.