காகமும் காக்காவும்

அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் திண்ணையில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பத்தா, என் அம்மா, மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சிறுமியின் சுட்டுவிரல் எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. “கா… க… ம்…” இரண்டு ககரத்தையும் ‘கல்’லில் வருவதுபோல அழுத்தமாகவே சொன்னாள். ஒன்றும் பிடிபடவில்லை என்று முகமே சொல்லியது. விரலை மறுபடி முதலெழுத்துக்குக் கொண்டுவந்தாள். “கா… கம். காகம்.” இந்த முறை நடு எழுத்து தானாகவே மெலிந்து ஒலித்தது. படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“காகம்னா நம்ம காக்காவா அத்தை?”

பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குள் அந்த ஆறு வயது மூளை கோடுகளை எழுத்தாகக் கண்டுகொண்டது, எழுத்தை ஒலியாக்கியது, ஒலியைத் தனக்குத் தெரிந்த ஒரு பறவையோடு சேர்த்தது. முதல் இரண்டும் பள்ளி கொடுத்தவை. மூன்றாவது வீட்டிலிருந்து வந்தது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்று தெரிந்தால், பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்கும்போது நமக்குப் பொறுமை தன்னால் வரும்.

இரவல் வாங்கிய இடம்

பேச்சை யாரும் பாடமாகக் கற்றுத்தருவதில்லை. பேசுகிறவர்கள் நடுவே வளரும் குழந்தை தானே பேசத் தொடங்கிவிடும். எழுத்து அப்படி வருவதில்லை. மெசொப்பொத்தேமியாவில் களிமண் பலகைகளில் மனிதர்கள் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அண்மைக்காலம்வரை மிகச் சிலரே படிக்கத் தெரிந்தவர்கள். படிப்பதற்கென்று மூளையில் தனியாக ஓர் உறுப்பு உருவாக இந்தக் காலம் போதவே போதாது.

அப்படியானால் எந்த இடத்தை வைத்துப் படிக்கிறோம்? இரவல் வாங்கிய இடத்தை. இடது காதுக்குப் பின்புறமாக, மூளையின் அடிப்பரப்பில், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிகள் இருக்கின்றன. படிக்கக் கற்றவர்களுக்கு அந்தப் பகுதியில் சிறிய ஓர் இடம் எழுத்துக்கென்றே பழகிவிடுகிறது. பிரெஞ்சு மூளையறிவியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் அவருடைய குழுவினரும் 2010-இல் போர்ச்சுகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பேரின் மூளையைப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். எழுத்தே அறியாதவர்கள், சிறுவயதில் பள்ளிக்குப் போனவர்கள், வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள் என்று மூன்று வகையினர் அதில் இருந்தார்கள். படிக்கும் திறன் கூடக்கூட, எழுத்தைக் கண்டதும் அந்த இடம் விழித்துக்கொள்வதும் கூடியிருந்தது. பெரியவர்களானபின் கற்றவர்களுக்கும் அப்படித்தான். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்களும் தம் மூளையைக் கொஞ்சம் திருத்தி அமைத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

குழந்தையிடம் இது எப்போது நடக்கிறது? பிரான்சில் ஆறு வயதுக் குழந்தைகள் 10 பேரை, பள்ளியில் படிக்கத் தொடங்கும் முன்பும் முதலாண்டு நெடுகிலும் மறுபடி மறுபடி படம்பிடித்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவு வியப்பானது. படிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே எழுத்துக்கான இடம் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே முகங்களுக்கென்று பழகியிருந்த இடங்களை அது பறிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எதற்கும் உறுதியாக ஒதுக்கப்படாத இடத்தில் குடியேறியது. நாம் சீருடையையும் சாப்பாட்டுப் பையையும் தேடி அலைந்துகொண்டிருக்கும் அதே மாதங்களில், குழந்தையின் தலைக்குள் இப்படி ஒரு புதுக் குடித்தனம் தொடங்குகிறது.

திரும்பி நிற்கும் ‘ட’

இரவல் இடத்துக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. கரண்டி வலப்பக்கம் பார்த்துக் கிடந்தாலும் இடப்பக்கம் பார்த்துக் கிடந்தாலும் கரண்டிதான். மாடு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதே மாடுதான். வலமும் இடமும் மாறினாலும் பொருள் மாறாது என்று கண்ணும் மூளையும் வெகுகாலமாகக் கற்றுவைத்திருக்கின்றன. அப்படிக் கற்றதால்தான் நாம் உலகத்தைத் தடுமாறாமல் பார்க்கிறோம்.

எழுத்து அந்த விதியை மீறச் சொல்கிறது. ‘ட’வின் நிமிர்ந்த கோடு இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். அதை வலப்பக்கம் வைத்து எழுதும் பிள்ளைகளை எல்லா ஒன்றாம் வகுப்பிலும் பார்க்கலாம். 3-ம் 7-ம் கூடக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். உடனே வீட்டில் பதற்றம்: “கவனமே இல்ல”, “வேணும்னே பண்றா”. உண்மையில் அந்த மூளை தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விதியை நேர்மையாகக் கடைப்பிடிக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்று பழகச் சில காலம் ஆகும். ஐந்து, ஆறு வயதில் இது மிக இயல்பு. படிக்கப் படிக்கத் தானே மறையும். எட்டு வயதைத் தாண்டியும் நீடித்து, படிப்பதும் சிரமமாக இருந்தால் ஆசிரியரிடம் பேசலாம். அதுவரை தலையில் குட்டத் தேவையில்லை. சரியான ‘ட’வைப் பக்கத்தில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும்.

காதும் கண்ணும்

தமிழ் எழுத்துகள் 247 என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ஒவ்வொன்றுக்கும் புது வடிவம் இல்லை. குறிகள் சேர்ந்துதான் பெருகுகின்றன. அந்தக் குறிகளில்தான் பிள்ளைக்குச் சோதனை. ‘கா’வில் வரும் கால், ‘ர’வைப் போலவே கண்ணுக்குத் தெரிகிறது. ‘கெ’ என்னும்போது காதில் முதலில் விழுவது ககரம். கையில் முதலில் வருவதோ கொம்பு. ‘கொ’ என்றால் ககரத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் ஒத்துப்போவதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளைச் சோனாலி நாக் ஆராய்ந்து 2007-இல் எழுதினார். எழுத்துகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று அவர் கண்டார். ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்து நம் பிள்ளையின் வேகத்தை அளப்பது எவ்வளவு அநியாயம் என்று இதிலிருந்தே தெரியும்.

இன்னொரு புதிர், நாமே கவனிக்காதது. ‘பாம்பு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரமும் கடைசியில் வரும் பகரமும் ஒரே ஒலியா? ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே எழுத்துதான், ஒலி மூன்று. ‘பசி’யில் ஒரு சகரம், ‘பச்சை’யில் ஒன்று, ‘பஞ்சு’வில் இன்னொன்று. இதற்கு ஒழுங்கான விதி உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரும் விதியைச் சொல்லித் தருவதில்லை, தேவையும் இல்லை. ‘பாம்பு’ என்ற சொல் முன்பே காதில் இருப்பதால், எழுத்துக்கூட்டும்போது பாதி வழியிலேயே அந்தச் சொல் வந்து ஒலியைத் திருத்திவிடுகிறது. திண்ணையில் ‘காகம்’ இரண்டாம் முறை சரியாக ஒலித்தது இப்படித்தான். ககரத்தை வகுப்பறை கொடுத்தது. அந்தக் ககரத்தின் சரியான ஒலியை, அதுவரை அவள் கேட்டுப் பழகிய சொற்களெல்லாம் சேர்ந்து கொடுத்தன.

தமிழ்க் குழந்தை இன்னும் ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. வீட்டில் ‘காக்கா’, புத்தகத்தில் ‘காகம்’. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் கிடைப்பது பாதி அந்நியமான சொல்தான். “காகம்னா நம்ம காக்காவா?” என்ற கேள்வியில் ‘நம்ம’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தன் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு அவளே ஒரு பாலம் போட்டுக்கொண்டாள்.

வீடு தரக்கூடியது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். எழுத்தை முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஆசிரியரிடம் இருக்கிறது. வீடு இன்னொரு வகுப்பறையாக மாற வேண்டாம். வீட்டால் மட்டுமே தர முடிந்தவை வேறு.

முதலாவது, பேச்சு. அமெரிக்காவில் ரேச்சல் ரோமியோவும் அவருடைய குழுவினரும் 4 முதல் 6 வயதுவரை உள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, மூளையையும் படம்பிடித்து 2018-இல் வெளியிட்டார்கள். குழந்தையின் காதில் எத்தனை சொல் விழுந்தது என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதி சுறுசுறுப்பாக இயங்குவதோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. குடும்ப வருமானம் எதுவானாலும் அந்தத் தொடர்பு மாறவில்லை. “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நான் எங்க சொல்லிக்குடுக்கிறது?” என்று கலங்கும் அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் இதை உரக்கச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்லுங்கள், பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள், பதிலுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். இதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை.

இரண்டாவது, கதைப் புத்தகம். அதில் வருவது ‘வந்தது’, ‘போனது’ என்ற தமிழ். அப்பாவோ அக்காவோ அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது புத்தகத் தமிழ் முதலில் காதில் குடியேறுகிறது. பிறகு அதே சொல்லைப் பக்கத்தில் பார்க்கும்போது பயம் இல்லை. நடுவில் நிறுத்தி, “அப்புறம் என்ன ஆகும்?”, “ஏன் ஓடிப்போச்சு?” என்று கேட்டால் பலன் இன்னும் கூடும். 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் செய்த ஆய்வில், பெற்றோர் இப்படிக் கேட்டுக் கேட்டுப் படித்த சின்னஞ்சிறு குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சுத் திறனில் மற்றவர்களைப் பல மாத அளவுக்கு முந்தியிருந்தார்கள். பிள்ளை அதே கதையைப் பத்தாம் முறை கேட்டால் சலிக்காமல் படியுங்கள். தெரிந்த கதையில்தான் தெரியாத சொல் எளிதாகப் பிடிபடும்.

மூன்றாவது, கை. கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு படம்பிடித்தபோது, தாமாகவே கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் தெளிவாக இயங்கின. கோணல் மாணலாக எழுதினாலும் அது அந்தக் குழந்தையே உருவாக்கிய எழுத்து. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும், விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுத வைப்பதும் நினைவுக்கு வருகின்றன. விரல் போன வழியே எழுத்து உள்ளே போகிறது. வீட்டில் ஒரு தட்டும் கொஞ்சம் மாவும் இருந்தால் அதுவே பலகை.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்துவிட்டு, “கா… கா…” என்று கூப்பிட்டார். இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. பல் தேய்த்துக்கொண்டிருந்த சிறுமி வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்தாள்.

“அப்பத்தா, காகம் வந்தது!”

அம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு, அதுவரை தம் வாயால் சொல்லியிராத அந்தச் சொல்லைப் பேத்தியைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தார்: “ஆமாடி, காகம்.”