சீர்ப் பாத்திரமும் ஈயப் பூச்சும்

கல்யாண வரம் கேட்டு, எலுமிச்சம்பழத்தோடு 6 வாரம் மாங்காடு காமாட்சியம்மனைத் தரிசிக்க வருபவர்கள் ஏராளம். வரன் அமைந்துவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு, சீர்ப் பாத்திரம்தான். அண்டா, குண்டான், தவலை, அடுக்கு என்று ஒரு சமையலறையே மணமகள் வீட்டிலிருந்து புறப்படும்.

இப்படி ஒரு சமையலறைக்கு வேண்டிய மொத்தப் பாத்திரங்களையும் பிரெஞ்சுக்காரர்கள் ‘பாத்ரி த குயிஸீன்’ என்பார்கள். ஆங்கிலேயரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனைச் சமையலறையில் 500க்கும் மேற்பட்ட செம்புப் பாத்திரங்கள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன.

அந்தச் செம்புக்கும் நம் பித்தளைத் தவலைக்கும் தேவை ஒன்றே: உள்ளே ஈயப் பூச்சு. புளி பட்டால் வெறும் செம்பும் பித்தளையும் களிம்பேறும். அந்தக் களிம்பு உடலுக்கு ஆகாது. அதனால்தான் தெருவுக்குத் தெரு ஈயம் பூசுபவர் வந்தார். துருத்தி ஊதிக் கரியைக் கனிய வைப்பார். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரே இழுப்பு. மங்கிக் கிடந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மின்னும். அபாரமான கைவேலை அது!

எவர்சில்வர் வந்தபின் தெருவில் ஈயம் பூசுபவரின் குரல் குறைந்துவிட்டது. இப்போது பித்தளை மீண்டும் சமையலறைக்குத் திரும்புகிறது, நல்ல செய்திதான். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பூச்சு வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல், தண்ணீர் ஊற்றிய பிறகே தீயை மூட்டுங்கள்.