பால் பணம் யார் பெயரில் வருகிறது?



காங்கயம், தாராபுரம் பக்கம் ஒண்ணு ரெண்டு ஏக்கர் மேட்டாங்காடும் ரெண்டு மாடும் நாலு வெள்ளாடுமாகக் குடித்தனம் நடத்துகிற வீடுகள் நிறைய. மழை பொய்த்தால் வெள்ளாமை போய்விடும். பால்தான் அடுப்பெரிய வைக்கும். விடியக்காலை எழுந்து கட்டுத்தரை கூட்டி, சாணி வழித்து, தண்ணி காட்டி, பால் கறந்து, தூக்குப்போசியோடு சொசைட்டிக்கு ஓடுவது பெண்கள்தான். ஆனால் சொசைட்டி உறுப்பினர் பெயரைப் பாருங்கள், முக்கால்வாசி வீட்டுக்காரர் பெயராகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் இது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் சொசைட்டியில் பணத்தை ரொக்கமாகக் கொடுப்பார்கள். பால் ஊற்றுகிறவள் கையில் வரும். மளிகைக்கு இவ்வளவு, பிள்ளைகள் நோட்டுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று அவளே பிரித்து வைப்பாள். இப்போது பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், பணம் வந்த எஸ்.எம்.எஸ். கூட அவர் செல்போனுக்குத்தான் போகும். நம் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க நாமே, "ஏனுங்க, ஒரு ஆயிரம் எடுத்துட்டு வாங்க" என்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

கணக்கு தெரியாவிட்டால் நஷ்டமும் தெரியாது. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக உயர்த்தியது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. அந்த 38 ரூபாய்க் கணக்கில் எட்டு லிட்டர் ஊற்றினால் 304 ரூபாய். ஆனால் கொழுப்பும் மற்ற சத்தும் குறைந்தால் விலையும் குறையும். அதிலும் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். சீட்டைத் தினமும் பார்க்கிறவளுக்குத்தான், கொழுப்பு இறங்கிய நாளில் மாட்டுக்குத் தட்டு போதவில்லையா, அடர்தீவனம் மாறியதா என்று யோசிக்கத் தோன்றும். வரப்போரம் பத்து சென்ட்டில் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4 புல் வைத்தால் தவுட்டுச் செலவு கொஞ்சம் குறையும். கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் மாடு வற்ற வேண்டும் என்பதால், ரெண்டு மாடும் ஒரே சமயத்தில் சினையாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இதையெல்லாம் கவனிப்பது நாம்தானே?

ஆடு விஷயத்தில் நாம் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் பக்கம் தாய் வீட்டிலிருந்து வந்த குட்டி பெண்ணுக்கே சொந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. அஞ்சு மாதத்தில் குட்டி போடும், பெரும்பாலும் ரெண்டு. ஸ்கூல் பீஸ் கட்டும் நேரத்தில் குண்டடம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஒரு கிடாய் போனால் போதும். ஆட்டுப்பால் எங்கள் சொசைட்டியில் எடுப்பதில்லை. அரை டம்ளர் வீட்டுக்கு, மீதி கேட்டு வருகிறவர்களுக்கு. (ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்காதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் குறைவு, ரத்தசோகை வரும்.)

அரசாங்கத்துக்கே இது புரிந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டத்தில் பெண்கள் பெயரில்தான் கொடுத்தார்கள். 2018-19 மத்திய பட்ஜெட்டில் கிசான் கிரெடிட் கார்டு வசதி கால்நடை வளர்ப்பவர்களுக்கும் வந்தது. மாட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் கேட்பது, பால் வரவு யார் கணக்கில் என்றுதான். அப்போது நம் பாஸ்புக் காலியாக இருந்தால் என்ன காட்டுவது?

வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொல்லுங்கள். ரெண்டு மாடு இருந்தால் ஒரு மாட்டுப் பாலையாவது உங்கள் பெயரில் ஊற்ற முடியுமா என்று சொசைட்டி செயலாளரிடம் விசாரியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகலைக் கையோடு கொண்டு போங்கள். உறுப்பினருக்குத்தான் சங்கத் தேர்தலில் ஓட்டு என்பதையும் மறக்காதீர்கள். எங்கள் தெருவில் மூன்று பேர் மாற்றிவிட்டோம். "மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைத்தாய்?" என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். அவர்தான் முதலில் மாற்றச் சொன்னதே! மற்ற ஊர்களில் பெயர் மாற்ற என்னென்ன கேட்கிறார்கள் என்று சகோதரிகள் எழுதினால் உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, காங்கயம்