பிரதமர் பொய் சொன்னாரா?

"பிரைம் மினிஸ்டர் பொய் சொன்னா யாருப்பா அவருக்கு பனிஷ்மென்ட் குடுப்பாங்க?" ஸ்கூல்ல பார்லிமென்ட் பாடம் நடக்குது, அதான் மகள் கேட்டாள். நம்ம வீடுகள்ல இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு: "அரசியல்வாதின்னா எல்லாரும் அப்படித்தான்." அப்பா அம்மாகிட்ட இதைக் கேட்டுத்தான் நாமும் வளர்ந்தோம். ஆனா அந்தப் பதில், குற்றம் சாட்டப்பட்டவரையும் குற்றம் நிரூபிக்கப்பட்டவரையும் ஒண்ணாக்கிடுது. அதனால அவளுக்கு போரிஸ் ஜான்சன் விவகாரத்தைச் சொன்னேன்.

லாக்டவுன் காலத்துல டௌனிங் தெருவுல பார்ட்டி நடந்ததுன்னு செய்தி வந்தது. விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று 2021 டிசம்பர் 1 அன்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022 ஏப்ரலில் போலீஸ் அவருக்கே அபராதம் விதித்தது. மொத்தம் 83 பேருக்கு 126 அபராதங்கள். நம்மள்ல எத்தனை பேர் அப்போ சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாம ஜூம்ல பார்த்து அழுதோம்!

அபராதம் வேற, பொய் வேற. தெரிஞ்சே சொன்னாரா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சக உறுப்பினரைப் பொய்யர்னு சொல்லக் கூடாது. 2022 ஜனவரியில், பிரதமர் வேணும்னே சபையை ஏமாத்தினார்னு சொன்ன இயன் பிளாக்ஃபோர்டு, வார்த்தையை வாபஸ் வாங்க மறுத்து வெளியேற வேண்டியதாச்சு. "உண்மையைச் சொன்னவரையா அனுப்பினாங்க?"னு மகளுக்குக் கோபம். எனக்கும் அந்த விதி முழுசா பிடிக்கல. ஆனா எங்க வேலைல சர்வர் விழுந்தா முதல்ல லாக் எடுப்போம், யார் மேல தப்புங்கிறது அப்புறம்தான்.

இங்கே லாக் எடுத்தது சிறப்புரிமைக் குழு. தலைவர் எதிர்க்கட்சியின் ஹேரியட் ஹார்மன். ஆனா 7 பேரில் 4 பேர் ஜான்சனின் சொந்தக் கட்சி. ஃபோட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ், எழுத்துமூல சாட்சியம் எல்லாத்தையும் பார்த்தாங்க. 2023 மார்ச்சில் அவர் பைபிள் மேல சத்தியம் பண்ணிட்டுப் பதில் சொன்னார். ஜூனில் வந்த முடிவு: வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார். எம்.பி.யாக இருந்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்றது குழு. 10 அமர்வு நாள் இடைநீக்கமே போதும், தொகுதியில் மனு திறக்கப்படும்; 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் பதவி காலி. முடிவு தெரிந்ததும், அறிக்கை வெளிவருவதற்கு முன்பே ஜான்சன் ராஜினாமா செய்தார். குழுவைக் கட்டப்பஞ்சாயத்து ரேஞ்சுக்குத் திட்டவும் செய்தார்.

ஆக, பொய்னு சொன்னவர் வெளியே போக சில நிமிஷம். சொன்னது பொய்தான்னு முடிவாக ஒன்றரை வருஷம்.

இன்னொரு பக்கமும் அவகிட்ட சொன்னேன். ஜான்சனைப் பதவி விலகச் சொன்ன கியர் ஸ்டார்மர் மேலயே, டர்ஹாமில் பீரும் கறியும் சாப்பிட்டு விதியை மீறினார்னு புகார் வந்தது. அபராதம் விழுந்தா நானும் விலகுவேன் என்றார். 2022 ஜூலையில் போலீஸ் விசாரித்து, மீறல் இல்லைன்னு சொன்னது. "எல்லாரும் அப்படித்தான்"னு விட்டிருந்தா இந்த ரெண்டு கேஸும் அவளுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்.

குழுவின் அறிக்கையைச் சபை 354-7 என்று ஏற்றுக்கொண்டது. அன்றைய பிரதமர் ரிஷி சுனக் ஓட்டுப் போட வரவே இல்லை. யார் எந்தப் பக்கம்ங்கிற பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்துல பேரோட இருக்கு. நீங்க பிரிட்டன்ல இருந்தா, உங்க ஏரியாவின் அப்போதைய எம்.பி. அன்னிக்கு வந்தாரான்னு பிள்ளைகளோட தேடிப் பாருங்க.